பம்பாய்க்குப் போகவேண்டிய புத்தகம்

டிரங்குப் பெட்டியை அடிவரை துழாவிவிட்டாள் சுலோச்சனா. மதிப்பெண்கள் பதிந்த எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் இல்லை.

"அம்மா! என் புத்தகம் எங்க?"

கௌரியம்மாள் முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பாவா எடுத்துகினு போனாரே. மதராசுக்கு ரிஜிஸ்தர் தபால் பண்ணணும்னாரு. உனக்கோசரம்தான் மனுசன் வெயில்ல அலையறாரு."

பாவா என்றால் அக்காள் கணவர் துளசிங்கம்.

1946, ஜூன் மாதம். கட்டடக் கலை படிக்க அவளுக்குத் தெரிந்து மூன்று வழிகள். இஞ்சினீயரிங் பட்டம் என்றால் அதற்கு முன்னால் இண்டர்மீடியட் இரண்டு வருஷம். வீட்டில் நடக்காத காரியம். மதராசில் பிளான் நகல் எடுக்கும் இரண்டு வருஷ டிராப்ட்ஸ்மன் சர்ட்டிபிகேட். பம்பாயில் ஐந்து வருஷ டிப்ளமா; முடித்தால் பிளானைத் தானே போடலாம். பின்னிரண்டுக்கும் விண்ணப்பத்தோடு அசல் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை இணைக்க வேண்டும். அசல் ஒன்றே ஒன்று. மதராசுக்குப் போனால் திரும்பி வர ஒரு மாதம். பம்பாய்க்கோ சனிக்கிழமை கடைசி நாள். இன்றைய தபாலில் ஏறினால்தான் உண்டு.

விண்ணப்பம் வைத்திருந்த பம்பாய் உறையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

தபாலாபீசுக் கடிகாரம் இரண்டு இருபது காட்டியது. போஸ்ட்மாஸ்டர் பஞ்சாட்சரம் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"கவர் இங்கதான் இருக்குது, அம்மாயி. ஆனா உங்கிட்ட குடுக்க முடியாது. யாரு அனுப்பினாரோ அவரு கையெழுத்துப் போட்டு மனு குடுக்கணும். மூணரைக்குப் பையைக் கட்டி அரக்கு வெச்சிடுவேன்."

"பாவா எங்க போனாரு?"

"எங்க போவாரு? ரசீதை சாமி பாதத்துல வெச்சு எடுக்க மலைக்குப் போறேன்னாரு."

கோர்ட்டு மனுவோ, கல்யாணப் பத்திரிகையோ, தபால் ரசீதோ, முருகன் காலடியில் வைத்து எடுக்காமல், தமிழும் தெலுங்கும் கலந்த திருத்தணியில் எவரும் நிம்மதியாகச் சோறு தின்பதில்லை. மனுத் தாளையும் பேனாவையும் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு பறந்தாள்.

மொத்தம் முன்னூற்று அறுபத்தைந்து படிகள். அன்று கிருத்திகை வேறு. மொட்டைத் தலைகளும் காவடிகளும் வழியை அடைத்தன. "கண்ணு தெரியலையா உனக்கு?" என்று யாரோ திட்டினார்கள். அவள் நிற்கவில்லை.

சந்தனம் அப்பிய ரசீதோடு துளசிங்கம் கோயில் வாசலில் எதிர்ப்பட்டார். அவர் கொத்து மேஸ்திரி. அப்பா இல்லாத அந்த வீட்டில் அவர் சொன்னதுதான் சட்டம்.

"பாவா, இதுல கையெழுத்துப் போடுங்க. புத்தகம் பம்பாய்க்குப் போகணும்."

"பம்பாயா? அஞ்சு வருஷமா? பொம்பளப் புள்ள! மதராசுன்னா ரெண்டே வருஷம், உடனே வேலை. வூட்டுக்கு வா, பேசிக்கலாம்."

"வேலைதான். அடுத்தவங்க சொன்ன கோட்டை நகல் எடுக்கிற வேலை. பாவா, நீங்க கட்டின ஆர்.கே.பேட்டை தறிக் கொட்டா சுவரு ஞாபகம் இருக்குதா?"

துளசிங்கத்தின் முகம் இறுகியது.

"அஸ்திவாரம் பத்தாதுன்னு நீங்கதானே முதல்ல சொன்னீங்க? யாரு கேட்டாங்க? பிளான்ல இருக்கிறபடி கட்டுன்னாங்க. பிளானை நகல் எடுத்தவனுக்கும் அது தெரியுமாம். மாத்த அவனுக்கு உரிமை இல்லையாம். சுவரு விழுந்து ரெண்டு பேரு செத்தாங்க. நான் அந்த நகல்காரனாப் போகணுமா?"

அவர் பேனாவை வாங்கினார். படிக்கட்டுச் சுவரில் தாளை வைத்துச் சரசரவென்று கையெழுத்துப் போட்டார். "போ."

தாளைப் பார்க்காமலே மடித்துக்கொண்டு இறங்கினாள். இல்லை, கிட்டத்தட்ட விழுந்தாள்.

மூன்று பதினெட்டு. மெழுகுவத்தியில் அரக்கு உருகிக்கொண்டிருந்தது. பஞ்சாட்சரம் மனுவையும் மதராஸ் உறையையும் அருகருகே வைத்தார். நெற்றி சுருங்கியது.

"இது செல்லாது."

"இன்னாது?"

"உறையில தெலுங்குல கையெழுத்து இருக்குது. மனுவுல தமிழ்ல இருக்குது. ரெண்டும் ஒத்துப்போகணும்."

"பாவாவுக்கு ரெண்டும் எழுத வருங்க! உங்களுக்கே தெரியுமே!"

"தெரியும். நாளைக்கு அவரே வந்து நான் போடலையேன்னா? என் உத்தியோகம் போயிடும், அம்மாயி."

சுலோச்சனா மனுவை எடுத்துப் பார்த்தாள். துளசிங்கம் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். பத்திரமானாலும் கூலிச் சீட்டானாலும் தெலுங்கில்தான் கையெழுத்து. தமிழில் போட்டு அவள் பார்த்ததே இல்லை. இன்றைக்கு மட்டும் ஏன்?

ஏமாற்றிவிட்டாரா?

மூன்று இருபத்தாறு. பஞ்சாட்சரம் மதராஸ் உறையைப் பையில் போட்டு அதன் வாயைச் சுருக்கினார். கயிறு முடிந்தார். அரக்குச் சொட்டு ஒன்று முடிச்சின்மேல் விழுந்தது.

"நிறுத்துங்க சாமி!"

வாசலில் துளசிங்கம். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை. சுலோச்சனாவைப் பார்க்காமலே மனுவை இழுத்துத் தெலுங்கில் கையெழுத்துப் போட்டார்.

"வேணும்னேதான் தமிழ்ல போட்டீங்களா, பாவா?" அவள் கேட்டாள்.

"ஆங். வேணும்னேதான்." அவர் மூச்சு வாங்கினார். "செல்லாதுன்னு தெரியும். நீ அழுதுட்டு வூட்டுக்கு வந்துடுவேன்னு நெனச்சேன். நூறு படி எறங்கறதுக்குள்ள அந்தச் செத்த ரெண்டு பேரும் கூடவே எறங்கிகினு வராப்பல இருந்துச்சு. ஓடியாந்தேன்."

பஞ்சாட்சரம் முனகிக்கொண்டே இளகிய அரக்கைச் சுரண்டி முடிச்சை அவிழ்த்தார். மதராஸ் உறை கிழிந்தது. புத்தகம் பம்பாய் உறைக்குள் நுழைந்தது. ரிஜிஸ்தர் முத்திரை இரண்டு முறை இடி மாதிரி விழுந்தது. பை மறுபடி கட்டப்பட்டு, தபால் ரன்னர் தோளில் ஏறி, ஸ்டேஷன் ரோட்டில் மறைந்தது.

துளசிங்கம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பம்பாயின்னு உங்கம்மாகிட்ட நீயே சொல்லிடு, தாயே. அந்த இடத்துல நான் இருக்க மாட்டேன்."