கோட்டையைக் கொடுக்க மறுத்தவர்

ரங்கராவ் கதம் ஒத்திகைக்கு வரும்போதே மீசையை ஒட்டிக்கொண்டு வந்துவிடுவார். டிவியில் மசாலாப் பொடி விளம்பரத்தில் வாளோடு குதிரை மேல் வந்ததிலிருந்து மராட்டிய ஊரான சாத்தாராவில் அவர் தரையில் நடப்பதில்லை. பள்ளிக்கூட ஹாலில் அவர் நுழைந்தால் சிப்பாய் வேஷக்காரர்கள் எழுந்து நிற்க வேண்டும். உட்கார்ந்தே டீ குடித்த ஒருவனுக்கு ஈட்டி பறிபோயிற்று.

இந்த மகாவீரருக்கு மூன்று வரி சேர்ந்தாற்போல் நினைவில் நிற்காது. பதினான்கு வருஷமாகப் பக்கத் திரைக்குப் பின்னால் நின்று அவருக்கு வசனம் எடுத்துக் கொடுப்பவள் யமுனா. அவள் முணுமுணுப்பாள், அவர் முழங்குவார். கைதட்டலை மட்டும் அவரே வைத்துக்கொள்வார்.

இந்த நாடகத்தில்தான் யமுனாவுக்கு முதல்முறையாக ஒரு வேஷம் கிடைத்திருந்தது. வெள்ளைக்காரன் முற்றுகையிட்ட கோட்டை விழுகிறது. கோட்டைத் தலைவனாக ரங்கராவ், தன் மனைவி கங்காபாயிடம் சாவியைக் கொடுத்து வெள்ளைக்காரனிடம் அனுப்புகிறார். கங்காபாயாக யமுனா. ஒரே காட்சிதான், ஆனாலும் வீட்டுக் கண்ணாடி முன்னால் அதை அவள் நூறு தடவை நடித்துப் பார்த்திருந்தாள்.

அன்றைக்கு ரங்கராவ் ஒரு காகிதத்தை டைரக்டர் திகம்பரிடம் நீட்டினார்.

"சாவி குடுக்கிற சீனை வெட்டிடுப்பா. நம்ம ஆளு கோட்டையைக் குடுத்தான்னா ஜனங்க நாற்காலியை ஒடைப்பாங்க. நான் கடைசி வரைக்கும் சண்டை போடுறேன். வசனம் நானே எழுதிட்டேன்."

"கோட்டை விழுந்தது சரித்திரமாச்சே, ராவ்சாகேப்."

"சரித்திரத்துக்கா டிக்கெட் விக்குது? என் மூஞ்சிக்கு விக்குது!"

திகம்பருக்கு முதுகெலும்பு என்ற ஒன்று என்றைக்குமே இருந்ததில்லை. அவன் யமுனாவைப் பார்க்காமலே சொன்னான்: "யமுனாக்கா, இன்னிக்கு மட்டும் நீங்க திரைக்குப் பின்னால நில்லுங்க. எப்படி வருதுன்னு பாப்போம்."

மராட்டிய மானமாவது மண்ணாங்கட்டியாவது! அவள் மேடைக்கு வந்துவிட்டால் இவருக்கு எடுத்துக் கொடுக்க ஆளில்லை, விஷயம் அவ்வளவுதான். அவர் எழுதிய காகிதத்தையும் பழைய நாடகப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு யமுனா உள்ளே போனாள்.

ரங்கராவ் வாளை உருவினார். "என் உடலில் உயிர் உள்ளவரை..." என்று தொடங்கி அங்கேயே நின்றார். தன் கையால் எழுதிய வசனம்! யமுனா காகிதத்தைப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். முழங்கினார். மறுபடி நின்றார். காது மட்டும் திரைப் பக்கம் திரும்பியது.

யமுனா காகிதத்தைக் கீழே போட்டுவிட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். "இந்தக் கோட்டையைக் காக்கத் தவறிய கோழை நான்."

"இந்தக் கோட்டையைக் காக்கத் தவறிய கோழை நான்!" ரங்கராவ் மார்பில் அறைந்துகொண்டார்.

"கங்காபாய், சாவியை நீயே கொண்டு போ."

"கங்காபாய், சாவியை நீயே கொண்டு போ!" கண்ணில் நீர் பளபளக்க இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவி வெறும் காற்றில் நீட்டினார்.

சிப்பாய்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், கூடவே கைதட்டினார்கள். அவர் காதில் கைதட்டல் மட்டும்தான் விழுந்தது. குனிந்து வணங்கினார். யமுனா திரையை விலக்கிக்கொண்டு வந்து அவர் கையிலிருந்து சாவியை வாங்கினாள். அப்போதுதான் மனிதருக்கு விளங்கிற்று. மீசையின் ஒரு பக்கம் பெயர்ந்து தொங்கியது.

சிரிப்பு அடங்கக் காத்திருந்த திகம்பருக்குத் திடீரென்று தைரியம் வந்தது. "ராவ்சாகேப், பிரமாதம்! சீன் இருக்கட்டும்."

"இருக்கட்டும்னா? இவ மேடையில நின்னா எனக்கு யாருய்யா வசனம் எடுத்துக் குடுப்பா?"

பதினான்கு வருஷத்தில் அவர் வாயால் அதை ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"கோட்டையைத் தோத்தவனுக்கு என்ன வசனம் வேண்டிக்கெடக்கு?" என்றாள் யமுனா. "நான் பேசி முடிக்கிற வரைக்கும் தலையைக் குனிஞ்சு நில்லுங்க, போதும்."