நாலடுக்கு கேரியர்

என் அண்ணன் சவரிமுத்து எடுக்க வேண்டிய முடிவுகளை நாலடுக்கு எவர்சில்வர் கேரியரில் வைத்துப் பராமரிக்கிறேன். அப்பா போன பிறகு கோர்ட் என்னை அண்ணனுக்குக் காப்பாளராக நியமித்தது. ஆணையோடு கேரியரையும் கொடுத்தார்கள். அண்ணனுக்கு நாற்பத்தொரு வயது. மனவளர்ச்சி குறைவு என்று சர்டிபிகேட்டில் இருக்கிறது.

அடித்தட்டில் கனமானவை: எங்கே வசிப்பது, ஆபரேஷன் செய்வதா வேண்டாமா. மேல்தட்டில் சட்டை நிறம், இட்லியா தோசையா. மழைக்காலத்தில் எல்லாமே பிசுபிசுக்கும். மொட்டைமாடியில் காயவைத்தால் சரியாகிவிடும்.

வருஷத்துக்கு ஒருமுறை நீதிபதியிடம் திறந்து காட்ட வேண்டும். ஒன்று குறைந்தாலும் அண்ணனை விடுதியில் சேர்த்துவிடுவார்கள். இந்த வருஷம் எனக்கு ஆபீசில் வேலை தலைக்கு மேல். ஆறு மாதமாகக் கேரியரைத் திறக்கவே இல்லை. ஆனாலும் அண்ணன் தினமும் சட்டை போட்டார், சாப்பிட்டார். எப்படி என்று நான் யோசிக்கவில்லை.

நீதிபதி அம்மா மூடியைத் திறந்தார்.

"இது எதுவும் சவரிமுத்துவோடது இல்லையே. யாரோடதும்மா?"

எட்டிப் பார்த்தேன். எல்லாம் என்னுடையவை. ஓசூருக்கு மாற்றல் கேட்பதா, கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதா, என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்ட அருளப்பனுக்கு என்ன பதில் சொல்வது. ஒவ்வொன்றும் அண்ணனின் கைக்குட்டையில் சுற்றியிருந்தது.

விடுதியில் அவருக்கு யார் மீன்முள் எடுத்துக் கொடுப்பார்கள்?

"என்னண்ணே இது?" என்று பக்கத்தில் நின்ற அண்ணனிடம் கேட்டேன்.

"நீ எல்லாத்தையும் அங்கங்க போட்டுட்டுப் போயிர்ற, பிலோ. ஃபிரிட்ஜ் மேல ஒண்ணு, பாத்ரூம்ல ஒண்ணு. எறும்பு வந்துருச்சு. நாந்தான் தொடச்சு வச்சேன்."

"அப்ப உங்களோடது?" என்றார் நீதிபதி.

அண்ணன் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார். "பைல இருக்கும்மா. அப்பப்ப எடுத்துக்கிருவேன்."

நீதிபதி நான்கு தட்டுகளையும் முகர்ந்து பார்த்தார். பராமரிப்பு திருப்தி என்று எழுதினார். அண்ணன் வீட்டிலேயே இருக்கலாம். இனி அவர்தான் காப்பாளர், நான் அவர் பொறுப்பில். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது.

வாசலைத் தாண்டுவதற்குள் நீதிபதி கூப்பிட்டார். மேஜை டிராயரிலிருந்து செய்தித்தாளில் பொதிந்த ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இதுக்கு இடம் இருக்குமா, சார்?"

அண்ணன் என்னுடையவற்றைச் சற்று ஒதுக்கினார். "இருக்கும்மா. வெள்ளிக்கிழம காயப்போடுவேன். வந்துருங்க."

வெள்ளிக்கிழமை நீதிபதி மொட்டைமாடிக்கு வந்தார். அவருடையதும் என்னுடையவையும் ஒரே பாயில் காய்ந்தன. அண்ணன் மஞ்சள் சட்டையில் வந்து, காக்கா விரட்ட எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு குச்சி கொடுத்தார்.