கடல்தூக்கியின் ஆறு நொடி

ஆறு… ஆறு நொடியா, காகிதப் பட்டையில் அந்தக் கோடு மலை மலையாக ஏறி இறங்கி வந்து சட்டென்று தரையில் படுத்துவிட்டது, பதினைந்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒன்றுமே இல்லை, பிறகு யாரோ கூப்பிட்டதுபோல மறுபடி எழுகிறது, இந்தத் தட்டையான இடத்தில் அப்பா எங்கே இருந்தார், எந்த வழியாகத் திரும்பி வந்தார்… டாக்டர் பேனா முனையால் கட்டங்களை எண்ணிக் காட்டி, பேஸ்மேக்கர் வைக்கணும், நாளைக்கே வைக்கணும் என்கிறார். போன மாதம் இதே நாற்காலியில்தான் அப்பா சொன்னார், நாலு நொடி நின்னுடுச்சு டாக்டர், நாடியப் பிடிச்சு எண்ணினேன் என்று. டாக்டர் புருவத்தை உயர்த்துவதற்குள் இவன் முந்திக்கொண்டான், "அவர் சொல்றத பத்தால வகுத்துக்கோங்க சார்", டாக்டர் சிரித்தார், அப்பாவும் சிரித்தார், சிரித்தாரா என்ன, உதடு மட்டுமா… மாத்திரையோடு வீட்டுக்குப் போனார்கள். முந்தாநாள் குளியலறையில் விழுந்த பிறகுதான் மார்பில் இதயத் துடிப்பைப் பதிக்கும் இந்தக் கருவியை ஒட்டினார்கள்.

பத்தால் வகுப்பது அம்மா சொல்லிக்கொடுத்த கணக்கு, உங்கப்பா நூறுன்னா பத்துன்னு வச்சுக்கோ, அவ்வளவுதான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மனிதர், ஒரு நாள் மேகம் கேபினுக்குள் வந்து உட்கார்ந்து டீ கேட்டதாம், ஒரு நாள் கப்பலைத் தூக்கும்போது கூடவே கடலும் ஒரு அடி மேலே வந்துவிட்டதாம், மீன்களெல்லாம் அண்ணாந்து பார்த்துத் திட்டினவாம்… அதை ஐந்தாம் வகுப்பில் இவன் சத்தியம் என்று நம்பிக் கட்டுரையாக எழுதப்போய், பள்ளிக்கூடம் முடியும்வரை கடல்தூக்கி மகன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது, அதன்பிறகு அவர் கதை எதற்கும் இவன் காது கொடுக்கவில்லை. நிலத்தைச் சங்கிலி இழுத்துப் பிடித்து அளக்கிற சர்வேயர் வேலைக்குப் போனதுகூட அவருக்குச் சொன்ன பதில்தானோ. ஆனால் ஒரு விடுமுறையில் அந்தக் கேபினுக்கு ஏறிப் போயிருக்கிறான், மேகம் எதுவும் இல்லை, காற்றில் ஊஞ்சலாடும் சரக்குப் பெட்டி, அடியில் ஆட்கள், ஆட்டம் அடங்கும்வரை இறக்கக் கூடாது, அப்பா உதட்டுக்குள் ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டே இருந்தார், கூடுதலாக ஒரு வார்த்தை பேசவில்லை… முப்பது வருடம் அப்படி எண்ணியவர், கீழே ஒருவனுக்கும் கீறல் விழவில்லை. எண்ணிக்கையில் மட்டும் அவர் விளையாடியதே இல்லை. இது ஏன் போன மாதம் நினைவுக்கு வரவில்லை, நினைவுக்கு வந்திருந்தால் மட்டும் வாயை மூடியிருப்பானா…

அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கிறார், ஒன்று மாறிப் போட்டிருக்கிறார், இவன் பட்டையைக் காட்டி, "நாலுன்னுதானே சொன்னீங்க?" என்று கேட்கிறான்.

"அன்னிக்கும் ஆறுதான்டா. ஆறுன்னா நீ நம்ப மாட்டியேன்னு ரெண்டைக் கொறச்சுக்கிட்டேன்."

குறைத்தாரா, இவரா, உயிர் நின்ற கணக்கில் கைவைத்து, மகனுக்குப் பொருந்துகிற அளவுக்கு வெட்டிக்கொண்டு வந்தாரா… டாக்டர் ஏதோ படிவத்தை நீட்டுகிறார், இவன் கை பேனாவைப் பிடித்தபடி நிற்கிறது, கண் அப்பாவையே பார்க்கிறது, இத்தனை வருடத்தில் இந்த மனிதர் இவனிடம் வேறு எதையெல்லாம் சின்னதாக்கிச் சொல்லியிருப்பார்?