ஜெர்ரியின் ஜமைக்கா மாலை

மே மாத வெயிலில் சிவப்பு, மஞ்சள், பச்சைப் பட்டை போட்ட கம்பளித் தொப்பியை மாட்டிக்கொண்டு திருப்பதி காபிக் கடை வாசலில் நின்ற பெரியப்பா மகன் ஜெர்ரியைப் பார்த்ததுமே, வந்த பஸ்ஸிலேயே சித்தூருக்குத் திரும்பிவிடலாமா என்று ஜெமிமாவுக்குத் தோன்றியது.

"இன்னாடி அவன் தலைல?" என்றாள் கூட வந்த ஸ்வீட்டி. தேவாலயத்தில் கீபோர்டு வாசிக்கிறவள்.

"மூளை இல்லன்னு மூடி வச்சிக்கினு இருக்கான்."

ஜெமிமா ஒரு பால் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தாள். கலப்படப் பாலைப் பார்க்கும் அதே முகத்தோடுதான் உலகத்தையும் பார்த்தாள். தேவாலயப் பாடகர் குழுவில் யாருக்கும் காது கிடையாது, கல்யாண ஆர்க்கெஸ்ட்ராக்காரர்களுக்கு வெட்கம் கிடையாது என்பது அவள் முடிவு. அவள் மதித்த ஒரே விஷயம், அறுபதுகளில் ஜமைக்காவில் பதிவான பழைய ஸ்கா இசை.

கிறிஸ்துமஸ் பஜனைக்கு ஊதவென்று சிறுவயதில் தேவாலயத்தில் அவள் கையில் கொடுத்த, குழலை இழுத்து இழுத்து ஊதும் ட்ராம்போனுக்குப் பாடம் தேடியபோது, யூடியூபில் ஸ்கா தற்செயலாக வந்து மாட்டியது. நாம் கை தட்டும் இடத்தில் கிதார் சும்மா இருக்கும். கை பிரியும் இடத்தில் 'சக்'கென்று வெட்டும். அந்த வெட்டுகளின் மேல் ட்ராம்போன் மதம் பிடித்த யானைபோல நடந்து போகும். சில வருஷங்களில் வேகம் தணிந்து, பேஸ் கிதார் முன்னால் வந்து, அதுவே ராக்ஸ்டெடி ஆனது. ஊதுகிறவர்களுக்கு அதில் வேலை குறைவு. தன் வாத்தியத்தை ஓரங்கட்டிய இசை என்று தெரிந்தும் ஜெமிமா அதைத்தான் அதிகம் கேட்டாள்.

ஜெர்ரிக்கு இதெல்லாம் ஒன்றுதான். பெங்களூர் கம்பெனி வேலையைத் திருப்பதி வீட்டிலிருந்தே செய்துகொண்டு, ஒரு கிதாரும் வாங்கிவிட்டான். "ஜமைக்கா மாலை" என்று இந்தக் காபிக் கடையில் ஏற்பாடு செய்து, "நுவ்வு ரா ஜெமி, நடுவுல நடுவுல ஊது, அந்தே, அவ்ளோதான்" என்று அவளையும் கூப்பிட்டிருந்தான்.

கடை நிறைந்திருந்தது. பாதி பேர் மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகள். ஓரத்து மேசையில், திருமலையிலிருந்து இறங்கி வந்த ஒரு குடும்பம் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு காபி குடித்துக்கொண்டிருந்தது. ஜெர்ரி மைக்கைப் பிடித்தான்.

"ரெகேல இருந்து வந்ததுதான் ஸ்கா. ராக்ஸ்டெடின்னா ஸ்லோவான ராக்."

சொல்லிவிட்டு, செல்போனில் ஓடிய டிரம்ஸுக்கு மேலே கிதாரை அடிக்க ஆரம்பித்தான். ஒவ்வொரு அடியும் தப்பாமல் தப்பான இடத்தில் விழுந்தது. பிள்ளைகள் எழுந்து ஆடினார்கள். பாட்டு முடிந்ததும் ஜெமிமா மேடையேறி மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இவன் சொன்னது அத்தனையும் தப்பு."

முதலில் எல்லாரும் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். ஹோட்டல்களில் ஜாஸ் வாசித்தவர்கள் எப்படி ஸ்காவுக்கு வந்தார்கள், கடல் தாண்டிக் கேட்ட அமெரிக்க ரேடியோ அதில் எப்படிக் கலந்தது, ரெகே அதற்கெல்லாம் பின்னால் பிறந்த பிள்ளை, பிற்பாடு இங்கிலாந்துப் பையன்கள் கறுப்பு வெள்ளைக் கட்டத்தைச் சின்னமாக வைத்து ஸ்காவை எப்படித் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று அவள் நிறுத்தாமல் பேசினாள். நாற்காலிகள் காலியாகத் தொடங்கின. அதைப் பார்த்ததும் அவள் குரல் இன்னும் ஏறியது.

"இவன் அடிச்சது ஸ்கா இல்ல. காது கேக்காதவன் போடற பஜனை."

மொட்டைத் தலைக் குடும்பத்தின் பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார். கடைக்காரர் நாராயணசாமி மைக் சத்தத்தைக் குறைத்துவிட்டார்.

"ஜெமி, உன்ன கிளாஸ் எடுக்கவா கூப்டேன்? வாசிக்கத்தான கூப்டேன்?" என்றான் ஜெர்ரி. முகம் சிவந்திருந்தது.

"இதோட சேர்ந்தா? அதுக்கு நான் சாக்கடையில உக்காந்து ஊதுவேன்."

ட்ராம்போன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பின்னால் கைதட்டல் கேட்டது. தனக்கில்லை, ஜெர்ரி மறுபடி ஆரம்பித்ததற்கு.

சித்தூர் பஸ் புத்தலப்பட்டு ஊரைத் தாண்டியது. ஸ்வீட்டி ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அவன் தப்பாத்தான் வாசிச்சான். ஆனா வாசிச்சான். நீ பெட்டியத் தூக்கினு போன, தூக்கினு வந்த."

"அந்தக் கழுதைங்களுக்கு ஊதிக் காட்டணுமா?"

"ஊதியிருந்தா கழுதையா இல்லையான்னு தெரிஞ்சிருக்கும். உனக்கு வருமா வராதான்னு எனக்கே தெரியாதுடி. இத்தன வருசத்துல நீ ஸ்கா ஊதி நான் கேட்டதே இல்ல."

ஜெமிமா அந்த வாரம் முழுக்க அவளோடு பேசவில்லை. கீபோர்டில் ஞானப்பாட்டைத் தாண்டாதவளெல்லாம் பேச வந்துவிட்டாள் என்று வீட்டில் பொருமினாள். அந்தக் கோபத்திலேயே ஒருநாள் அறைக்கதவைச் சாத்தி, காதில் ஹெட்போனை மாட்டிப் பழைய பாட்டை ஓடவிட்டு, தனக்குப் பிடித்த அந்த மெட்டைக் கூடவே ஊதி செல்போனில் பதிவு செய்தாள். போட்டுக் கேட்டாள்.

பாட்டின் துணையில்லாமல் தனியாகக் கேட்டபோது, ட்ராம்போன் செருப்பு அறுந்தவன்போல இழுத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாளும் ஹெட்போனில் ஓடிய அந்தப் பழைய பாட்டுதான் அவளைத் தூக்கிச் சுமந்திருக்கிறது. வேறு யாராவது இப்படி ஊதியிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்தாள். ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

ஜெர்ரி அடுத்த நிகழ்ச்சியின் வீடியோவை அனுப்பியிருந்தான். தொப்பி அப்படியே இருந்தது, அடியும் அப்படியே தப்பாக விழுந்தது. அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்று தோன்றவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் பிரியாணிக்குக் கிளம்பியபோது ஜெமிமா ஸ்வீட்டியை நிறுத்தினாள்.

"கை பிரியற எடத்துல மட்டும் அடி. நடுவுல ஒண்ணும் அடிக்காத."

"கெஞ்சிக் கேக்க மாட்டியா?"

"மாட்டேன்."

ஸ்வீட்டி கீபோர்டை மறுபடி போட, ஜெமிமா ட்ராம்போனை எடுத்து ஊதினாள். நாலு சுற்று தாக்குப்பிடித்தது. ஐந்தாவதில் ஸ்வீட்டியின் கை பழைய ஞானப்பாட்டு இடத்துக்கு வழுக்கியது. ஜெமிமாவின் மூச்சு பாதியில் அறுந்தது.

"கேவலம்," என்றாள் ஜெமிமா.

"யாரு, நானா?"

"ரெண்டு பேரும்தான். மறுபடி எடு."