அடி கொரியாவில் இருந்த மொடாக்கள்

மிக்கேலம்மாள் வீட்டுக் கொல்லையில் கழுத்துவரை புதைந்திருந்த இரண்டு மண் மொடாக்களுக்கும் வாய்தான் ஏரியூர்ப் பக்கம். அடி கொரியாவில் இருந்தது. கிழக்கு மொடாவின் அடி வட கொரியா, மேற்கு மொடாவின் அடி தென் கொரியா. ஊரில் யாரும் இதற்காக வாயைப் பிளக்கவில்லை. புளியமரத்து வேர் எதுவரை போகிறதென்று எவன் தோண்டிப் பார்த்தான்?

புதைத்தவர் அவள் புருஷன் சவுரியப்பன். கொரியாச் சண்டையில் பிடிபட்டு, வடக்கும் வேண்டாம் தெற்கும் வேண்டாமென்று கப்பலேறி மதராசில் இறங்கியவர். கோழிப்பண்ணை வைக்க இந்தப் பக்கம் வந்தார், சாமியார் ஞானஸ்நானம் கொடுத்துப் பெயர் வைத்தார், மிக்கேலம்மாளைக் கட்டிக்கொண்டார். அவர் ஊர் வழக்கப்படி, குளிருக்கு முன்பே கோசையும் முள்ளங்கியையும் உப்பு, மிளகாய், பூண்டு போட்டுப் பிசைந்து மண்ணுக்குள் புளிக்க வைப்பார். 1961இல் மூடியைத் திறந்தால் வைத்தது இல்லை, வேறு யாரோ போட்டது இருந்தது. கிழக்கு மொடாவில் காரம் கம்மி, நடுவே மீன் துண்டு. ஒரு வாய் தின்றவர், "எங்கம்மா கை இது" என்று தேம்பித் தேம்பி அழுதார். மேற்கு மொடாவில் உச்சிக்கு ஏறும் காரம். மேலே ஓர் அரிசிமாவு உருண்டை. அதில் பதிந்திருந்த சுண்டுவிரல் கோணலாக இருந்தது. சண்டையில் தெற்கே ஓடிய தங்கைக்கு விரல் அப்படித்தான்.

ஆக, இரண்டு பேரும் உயிரோடிருப்பது சவுரியப்பனுக்குத் தெரியும். அம்மாவுக்கும் தங்கைக்கும்தான் ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாது. கடுதாசி வைத்துப் பார்த்தார், உப்புத் தண்ணீரில் எழுத்து கரைந்தது. தின்கிற பண்டம் மட்டும்தான் போகும், வரும். அம்மா போட்ட கோசை எடுத்துத் தங்கை மொடாவில் வைத்தால் மறுநாள் அது வெளியே கிடக்கும். மொடாக்களுக்கும் சட்டம் தெரிந்திருந்தது, பாழாய்ப்போன சட்டம்!

1965இல் சேலத்திலிருந்து தருமபுரியைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். "நம்ம ஜில்லாவையுந்தான் பிரிச்சாங்க, தொப்பூர் எல்லையில எவனாச்சும் முள்வேலி போட்டானா? உங்க ஆளுங்களுக்கு மட்டும் என்னங்க கேடு?" என்று மிக்கேலம்மாள் கேட்டாள். மாமியாரோடு அவளுக்கு வேறொரு வழக்கும் இருந்தது. வருஷா வருஷம் கிழக்கு மொடாவில் அவள் இலையில் கட்டி வைக்கும் கேழ்வரகு மாவு தொடாமல் திரும்பி வந்தது. "பெரிய மகாராணி நாக்கு!" என்று நொடித்துக்கொண்டு, அடுத்த வருஷமும் கட்டி வைப்பாள்.

1972 ஆனி மாதம், வடக்கும் தெற்கும் ஒன்றுசேரப் பேசுவதாக டீக்கடை ரேடியோ சொன்னது. பிரிந்த குடும்பங்களைச் செஞ்சிலுவைக்காரர்கள் தேடிச் சேர்ப்பார்களாம். சவுரியப்பன் ஊருக்கே முட்டை அவித்துக் கொடுத்தார். அடுத்த வருஷமே பேச்சு முறிந்தது. அவர் கோழிகளோடு பேசுவதைக்கூட நிறுத்திவிட்டார்.

அந்த ஐப்பசி மழையில் மேற்கு மொடா விரிசல் விட்டது. சவுரியப்பன் முட்டை விற்கத் தருமபுரிக்குப் போயிருந்தார். புளித்த தண்ணீர் மண்ணில் இறங்குவதைப் பார்க்க மிக்கேலம்மாளுக்கு மனசு பொறுக்கவில்லை. நேற்றைய புளித்த தண்ணீரை இன்றைய கூழில் ஊற்றிப் பழகிய கை அவளுடையது. இத்தனை வருஷம் அவர் துண்டுகளைத்தான் மாற்றி வைத்துப் பார்த்தார், தண்ணீரைத் தொட்டதில்லை. இவள் தண்ணீரைச் சட்டியில் மொண்டு கிழக்கு மொடாவில் ஊற்றி மூடினாள். மூடிய பிறகுதான் அந்தப் பாழாய்ப்போன சட்டம் நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் வந்தவரிடம் ஊற்றியதைச் சொன்னாள். அவர் உடைந்த மொடாவுக்குள் கையை விட்டார். வெறும் செம்மண் தட்டுப்பட்டது.

"ரெண்டு பேத்தையும் தொலைச்சுட்டியே புள்ள" என்றார்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அன்றிலிருந்து ஜெபமாலையும் கையுமாகக் கொல்லையிலேயே கிடந்தாள். மூடியைத் திறக்க இருவருக்கும் தைரியமில்லை. உள்ளே மட்டும் ரொம்ப நாள் கழித்துப் பார்த்துக்கொண்ட பொம்பளைகள் பேசுவதுபோல ஓயாமல் களகளவென்று சத்தம்.

கிறிஸ்துமஸ் பூசை முடிந்து வந்து, ஆனது ஆகட்டுமென்று அவளே மூடியைத் தூக்கினாள். உள்ளே வெள்ளையும் சிவப்புமாக ஒரே கோஸ். அதன்மேல் ஓர் உருண்டை, கேழ்வரகுக் களி! ஒரு பக்கம் அகலமான கட்டைவிரல் அழுந்தியிருந்தது. "அம்மா" என்றார் சவுரியப்பன். திருப்பினார். மறுபக்கம் கோணல் சுண்டுவிரல். எந்த வேலிக்கு அடியில் உட்கார்ந்து பிடித்தார்களோ, ஒரே உருண்டையை இரண்டு பேரும் சேர்ந்து பிடித்திருந்தார்கள். நாற்பது வயதைத் தாண்டிய மனுஷன், ஊர் பார்க்கப் பெண்டாட்டியைத் தூக்கிச் சுற்றினார். "விடுங்க, மானம் போவுது!" என்று கத்திக்கொண்டே அவளும் அழுதாள், சிரித்தாள்.

கீழே இறங்கியதும் களியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். கட்டி கட்டியாக இருந்தது, நடுவில் வேகவும் இல்லை. "அம்மாளும் மவளும் ஒண்ணா சேந்தும் ஒரு களி கிண்டத் தெரியலீங்களே!" என்று வாய் நிறைய மென்றாள்.

அங்கே அரசாங்கங்கள் இன்னும் சேரவில்லை. இங்கே மேற்கு மொடாவின் குழியை மூடி அவரை விதை ஊன்றினார்கள். அடுத்த ஆடியிலிருந்து கேழ்வரகை மட்டும் இரண்டு ஆளுக்குக் கூடுதலாக விதைத்தார்கள்.