கோமாரியின் சம்பந்திகள்

மாட்டு நோயின் மனத்தை முழுவதும் அறிந்தவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார்; அவர் பெரிய காஞ்சிபுரத்தில் கால்நடை ஆய்வாளராக இருந்தார். பெயர் கைலாசம். இந்த உண்மையை அவர் ஒருபோதும் சந்தேகித்ததில்லை. மற்றவர்கள் சந்தேகித்தார்களா என்று விசாரித்ததும் இல்லை.

"கோமாரி காத்துல வருது, தண்ணியில வருதுன்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க," என்பார் ஆபீஸில். "அது கல்யாண வழியில வருது."

ஆபீஸ் சுவரில் தாலுகா வரைபடம் தொங்கியது. வீட்டுத் தறியில் மிஞ்சிய சிவப்புப் பட்டிழையைக் குண்டூசிக்குக் குண்டூசி இழுத்து நோய் போன பாதையைக் காட்டியிருந்தார். அறுபத்தெட்டாம் வருஷக் கோமாரி பக்கத்து ஊரை விட்டுவிட்டுத் தொலைதூர ஊருக்குத் தாவியதன் ரகசியத்தைக் கண்டுபிடித்தவரும் அவரே. மாட்டுக்கு வாயில் நுரை தள்ளிக் குளம்பில் புண் வந்தால் ஊர்க்காரன் மாட்டாஸ்பத்திரிக்கு வரமாட்டான். வந்தால் ஊரிலுள்ள மாடெல்லாம் கட்டுத்தறியை விட்டு நகரக்கூடாது, சந்தைக்கும் போகக்கூடாது என்று உத்தரவாகிவிடும். ஆகவே ஆய்வாளர் வருமுன் சம்பந்தி வீட்டுக்கு ஓட்டிவிடுவான். சம்பந்தி வீட்டு மாட்டை வாசலோடு திருப்பி அனுப்புவது அந்தப் பக்கத்தில் மரியாதை இல்லை. அங்கேயும் நோய் வரும். அவர்களுக்கும் எங்காவது ஒரு சம்பந்தி இருப்பான்.

"எருமைங்க," என்று முடிப்பார் கைலாசம். மாடுகளைச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மேலதிகாரி சென்னையிலிருந்து அந்த வரைபடத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. டவுனுக்குள் ஒரு மாட்டுக்கும் நோய் வராமல் தடுத்தவர் கைலாசம் என்று கைலாசமே எழுதி அனுப்பியிருந்தார். அவருடைய பதவி உயர்வு அந்த ஒரு வாக்கியத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை பக்கத்துக் கிராமமான கூரத்தில் கலியன் என்ற குடியானவனின் தொழுவத்துக்குள் நுழைந்தார். வைக்கோல் போருக்குப் பின்னால் ஒரு காளை நொண்டியபடி எச்சில் வடித்துக்கொண்டு நின்றது.

"இன்னாய்யா இது?"

"வெத்தல போட்டுக்கினு இருக்குது சார்."

"புதுக் கயிறு எதுக்கு? மாமியார் வீடு எந்த ஊரு?"

"அய்யம்பேட்டை. சும்மா பாத்துட்டு வரலாம்னு சார்."

"மாடா பாக்கப் போவுது?"

"அதுக்கும் அவங்க மேல ஆசை சார்."

கைலாசம் சிரிக்கவில்லை. "உன் ஒரு மாட்டுக்காவ ஊரூரா மாட்ட நொண்டியாக்குற. உனக்கும் அதுக்கும் ஒரே வித்தியாசம்தான்யா. அதுக்குக் கொம்பு இருக்குது. கயித்த அவுத்தேன்னா கேஸுதான்." காளையின் வாயைப் பிரித்துப் பார்த்துவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு கிளம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தாயார் காமாட்சியம்மாள் கொல்லையிலிருந்து கூப்பிட்டாள். வீட்டுச் செவலைப் பசு தண்ணீர் குடிக்கவில்லை. முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. நாக்கைப் பிடித்து இழுத்துப் பார்த்தார் கைலாசம். நிறையக் கொப்புளம். வாரம் முழுக்கத் தொழுவம் தொழுவமாகச் சாணி மிதித்த அவருடைய பூட்ஸ் பக்கத்திலேயே கிடந்தது. உலகத்தில் நோயின் மனத்தை அறிந்த ஒரே மனிதர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"கால்ல முள்ளும்மா," என்றார்.

"வாயில நுரை தள்ளுதேப்பா?"

"முள்ளு பெருசு."

தங்கை ஏலவார்குழலியைத் திருமுக்கூடலில் கொடுத்திருந்தது. வரைபடத்தில் அந்த ஊரில் குண்டூசி கிடையாது. நோய் கண்ட ஊர்க்காரன் ஒருவனும் அங்கே பெண் கொடுக்கவில்லை, எடுக்கவில்லை, ஆகவே கோமாரி அங்கே போகவே போகாது என்று கைலாசம் ஆபீஸில் அடித்துச் சொல்லியிருந்தார்.

"குழலி வீட்ல பாலுக்குக் கஷ்டம்னாளே. கொஞ்ச நாள் அங்க இருக்கட்டும்."

"நொண்டுற மாட்டையா?"

"நடந்தா முள்ளு வெளிய வந்துடும்."

தலையில் துண்டைப் போர்த்தி, பசுவை ஓட்டிக்கொண்டு வாலாஜாபாத் சாலையில் டவுன் எல்லையை அவர் தாண்டியபோது முன்னால் ஒருவன் காளையோடு போய்க்கொண்டிருந்தான். கலியன். ஒதுங்க வழியில்லை, நொண்டி மாட்டை வைத்துக்கொண்டு யாரும் யாரையும் முந்திவிடவும் முடியாது. பின்தங்குவதற்குள் அவன் திரும்பிவிட்டான்.

கலியன் பசுவின் காலைப் பார்த்தான். வாயைப் பார்த்தான். கடைசியாகத்தான் துண்டுக்குள் இருந்த முகத்தைப் பார்த்தான்.

"சாருக்கு எந்த ஊர்ல சம்பந்தி?"

"திருமுக்கூடல்," என்றார் கைலாசம் தாழ்ந்த குரலில். துண்டை அவிழ்த்துப் பசுவின் வாய் நுரையைத் துடைத்துவிட்டு, கயிற்றை இழுத்து நடந்தார்.