தூணடிப் பள்ளம்

அத்தானை, அதான் என் அக்கா வீட்டுக்காரரை, கடல் பாலத்துலேர்ந்து கரைக்குக் கொண்டு வந்துடணும். ரெண்டு மாசமா என் மண்டைக்குள்ள ஓடினது இந்த ஒரே விஷயம்தான். கொண்டு வர முடியலை. அதைத்தான் சொல்லப் போறேன். எனக்குக் கோபம் சட்டுனு வரும், வந்தா வாய் நிக்காது. அதையும் முன்னாடியே சொல்லிடறேன், ஏன்னா எல்லாத்தையும் கெடுத்தது அதுதான்.

நான் கடல் பாலங்களை ஆராய்ச்சி பண்றவ. இக்கரைக்கும் அக்கரைக்கும் போற பாலம் இல்ல. படகுல ஏறி இறங்கறதுக்காகக் கரையிலேர்ந்து கடலுக்குள்ள நீட்டி வெச்சிருப்பாங்களே, பாதியிலேயே முடிஞ்சு போயிடுமே, அந்தப் பாலம். அதைத் தாங்குற தூண்களைச் சுத்தி அலை மணலை அரிச்சுக்கிட்டே இருக்கும். தூணடியில பள்ளம் விழும். அந்தப் பள்ளம் எவ்வளவு ஆழம் போகும், எங்க போய் நிக்கும்? இந்தக் கேள்விக்கு ஏழு வருஷம் கொடுத்திருக்கேன். என் அக்கா முதல் தடவை கேட்டப்போ, "ஏண்டி, குழி பறிக்கறதுக்கெல்லாமா டாக்டர் பட்டம் தராங்க?"ன்னு விழுந்து விழுந்து சிரிச்சா. அத்தான் அன்னியிலேர்ந்து என்னை 'ஊசி போடாத டாக்டர்'னுதான் கூப்பிடறார்.

எங்க ஆய்வுக்கூடத்துல நாப்பது மீட்டர் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கு. ஒரு கோடியில இரும்புத் தகடு முன்னும் பின்னும் ஆடி அலை எழுப்பும். நடுவுல மணலைப் பரப்பி, நிஜத் தூணை நாப்பதுல ஒரு பங்காக் குறைச்சு நட்டு வெச்சிருப்போம். தொட்டியைப் பார்த்துக்கறவர் ஒருத்தர் இருந்தார். வயசுல பெரியவர், ஆனா எங்க எல்லாருக்கும் அவர் அண்ணன்தான். தொட்டியில ஒரு தூசி தும்பு இருக்க விட மாட்டார்.

நாலு வருஷத்துக்கு முன்னாடி, எங்க ஊருக்கு வரப்போற புதுக் கடல் பாலத்துக்காக ஒன்பது நாள் சோதனை ஒண்ணு நடத்தினேன். காலையில எட்டு மணிக்கு அலையை ஓட விட்டா சாயங்காலம் அஞ்சு வரைக்கும் ஓடும். அஞ்சு மணிக்குப் பள்ளத்தை அளந்து எழுதிட்டு நான் கிளம்பிடுவேன். கண்ணாடியில பாசி பிடிக்கக் கூடாதுன்னு அண்ணன் தண்ணியை வடிச்சுட்டுப் போவார். காலையில நான் வரதுக்குள்ள திரும்ப நிரப்பி வெச்சிருப்பார். புதுத் தண்ணி கலங்கிக் கிடக்கும், அடி மணல் தெரியாது, நானும் உத்துப் பார்க்க மாட்டேன். முதல் நாள் பள்ளம் மூணரை சென்டிமீட்டர். ரெண்டாம் நாளும் மூணரை. ஒன்பதாம் நாளும் மூணரை. எனக்கு வழிகாட்டின பேராசிரியர் என் தோளைத் தட்டி, "பள்ளம் நின்னுடுச்சும்மா, இதுக்கு மேல போகாது"ன்னார். நிஜக் கடலுக்குக் கணக்குப் போட்டா ஒரு மீட்டர் நாப்பது. ஒண்ணு நாப்பதுன்னு கட்டுரை எழுதினோம், பெரிய பத்திரிகையில வந்தது. அந்த எண்ணை நம்பித் தூண்களை, முதல்ல போட்ட திட்டத்தைவிட ரெண்டு மீட்டர் ஆழம் குறைச்சு இறக்கினாங்க.

பாலம் வந்தது, படகு வந்தது. படகுலேர்ந்து வீசற கயித்தைப் பிடிச்சுக் கட்டற வேலை அத்தானுக்குக் கிடைச்சது. பாலத்தோட கடைசி நுனியில, கடைசித் தூணுக்கு மேல நிக்கணும். வீட்டுல எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கும்தான்.

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி அண்ணன் ஓய்வு பெற்றார். ஆய்வுக்கூடத்துலயே டீ, பிஸ்கட், ஒரு சால்வை. எல்லாரும் பேசி முடிச்சதும் அவர் என் பக்கம் திரும்பினார். "எத்தனையோ பேர் வந்தாங்க, போனாங்க. மேடம் மாதிரி ஒழுங்கு யாருக்கும் வராது. மேடம் எழுதி ஒட்டினதை ஒரு நாள்கூட நான் மீறினதில்ல." சுவத்தைக் காட்டினார். என் கையெழுத்துதான். 'தண்ணீரை வடித்ததும் மணலைச் சமப்படுத்தவும்.' "அந்த ஒன்பது நாள் சோதனை நடந்தப்போ எனக்கு நல்ல காய்ச்சல். இருந்தாலும் தினமும் சாயங்காலம் பலகையை வெச்சு மணலை இழுத்து விட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்"ன்னார்.

அந்த வரியை நான் திரும்பப் படிச்சேன். ஒரு நாள் சோதனைன்னா முடிஞ்சதும் மணலைச் சமப்படுத்தணும், சரி. ஒன்பது நாளும் ஒரே சோதனை, நடுவுல மணலைத் தொடவே கூடாது. அதை அவர்கிட்ட நான் சொல்லணும். சொல்லலை. எனக்குத் தெரிஞ்சது ஊருக்கே தெரியும்னு ஒரு நினைப்பு. பள்ளம் எங்கயும் நிக்கலை. தினமும் காலையில சமமான மணல்ல புதுசா விழுந்த ஒரு நாள் பள்ளத்தை நான் ஒன்பது தடவை அளந்திருக்கேன், அவ்வளவுதான். முட்டாள், முட்டாள்.

"என்ன மேடம், ஏதாவது தப்பா?"ன்னார் அண்ணன். அந்தச் சால்வையும் அவர் முகமும். "இல்லண்ணே, ஒண்ணுமில்ல"ன்னேன்.

மறுநாளே அந்தச் சோதனையைத் திரும்ப ஆரம்பிச்சேன். தண்ணியை நானே வடிச்சேன், நானே நிரப்பினேன், மணல் பக்கம் ஈயைக்கூட விடலை. ஒன்பதாம் நாள் எட்டு சென்டிமீட்டர், இன்னும் இறங்கிக்கிட்டே இருந்தது. கடல்ல அது மூணு மீட்டர் இருபது. மூணரை மீட்டரைத் தாண்டினா, நல்ல அலையில படகு வந்து மோதும்போது அந்தத் தூண் நிக்கும்னு யாரும் சொல்ல முடியாது. நானும் சொல்ல மாட்டேன்.

பேராசிரியர்கிட்ட போய் எண்ணைக் காட்டினேன். "திருத்தம் எழுதிடலாம்மா. பத்திரிகைக்காரங்க படிச்சுப் பார்த்து வெளியிட ஆறு, ஏழு மாசம் ஆகும்"னார். துறைமுக அலுவலகத்துக்கு ஓடினேன். அங்க இருந்த அதிகாரி மரியாதையா உக்காரச் சொல்லி, தண்ணி கொடுத்து, ஒரு ஃபைலைத் திறந்து என் கட்டுரையையே என் முன்னாடி வெச்சார். "பள்ளம் ஒண்ணு நாப்பதுக்கு மேல போகாதுன்னு இதுல இருக்கே மேடம்?"

"அதை எழுதினதே நான்தான் சார். அது தப்புன்னு சொல்லத்தான் வந்திருக்கேன்."

"நீங்க வாயால சொல்றீங்க, இது அச்சுல இருக்கு. அது தப்புன்னும் அச்சுல வரட்டும், பார்க்கலாம். இல்லன்னா கடல்ல அளந்த எண் ஏதாவது இருக்கா?" முத்துக்குளிக்கற மாதிரி ஆள் இறக்கி அளக்கறதெல்லாம் கடல் கொந்தளிக்கற அலைக்காலம் முடிஞ்சப்புறம்தானாம். அலைக்காலம் வர மூணு வாரம்தான் இருந்தது.

சரி, பாலத்தை மூட முடியலை, அத்தானையாவது கரைக்கு இழுப்போம்னு அவர்கிட்ட எல்லாத்தையும் உடைச்சுச் சொன்னேன். அவர் நிதானமா, "விழும்னா என்னிக்கு விழும்னு சொல்லு, அன்னிக்கு லீவு போட்டுக்கறேன்"ன்னார். அக்கா மட்டும் சிரிக்கலை. நானும் அவளும் மாத்தி மாத்தி நச்சரிச்சதுல, கரையில இருக்கற டிக்கெட் கவுன்டருக்கு மாத்தல் கேட்டு எழுதிக் கொடுத்தார். அங்க ஒருத்தர் வேலையை விட்டுப் போறார், ஒண்ணாம் தேதியிலேர்ந்து நீங்க வந்துடலாம்னு மேற்பார்வையாளரும் சொல்லிட்டார். அக்கா எனக்கு போன் பண்ணி அழுதா, சந்தோஷத்துல.

அத்தோட நான் கையைக் கட்டிக்கிட்டு இருந்திருக்கணும். ஆனா ஒவ்வொரு படகுலயும் நூத்தி இருபது பேர் வந்து இறங்கறாங்க. அவங்களுக்கு அத்தான் யாரு, கவுன்டர் எது? கடல்ல அளந்த எண் வேணும்னுதானே அதிகாரி கேட்டார், கொடுத்துட்டா போச்சுன்னு நினைச்சேன். கொத்தனார் தூக்குக்குண்டு ஒண்ணு வாங்கி, நைலான் கயித்துல பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, ஒரு நாள் காலையில முதல் படகு வரதுக்கு முன்னாடி பாலத்துக்குப் போனேன். படகு இல்லாதப்போ பாலத்து நுனியைச் சங்கிலி போட்டு மறிச்சிருப்பாங்க, அதுக்கு அந்தப் பக்கம் வேலைக்காரங்க மட்டும்தான் போகலாம். அத்தான் சங்கிலியைத் தூக்கிப் பிடிச்சு, "வாங்க டாக்டர், நோயாளி உள்ள இருக்கார்"னார். கடல் குளம் மாதிரி கிடந்தது. கடைசித் தூணை ஒட்டிக் குண்டை இறக்கினேன், அப்புறம் தள்ளிப் போய் இன்னொரு தடவை. வித்தியாசம் ரெண்டு மீட்டர் அறுபது.

அசிங்கமா இருக்கு சொல்ல, ஆனா அந்த நிமிஷம் எனக்கு ஒரே சந்தோஷம். ஒண்ணு நாப்பதைத் தாண்டிடுச்சே, என் புதுக் கணக்கு சரிதான்னு.

போட்டோ, அளவு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு அன்னிக்கே அதிகாரி முன்னாடி வெச்சேன். அவர் எண்ணைப் பார்க்கவே இல்ல. போட்டோவைத்தான் பார்த்தார். "இது சங்கிலிக்கு உள்ள எடுத்தது. யார் அனுமதி கொடுத்தா?"

"சார், பள்ளம் ரெண்டு அறுபது..."

"யாரும்மா உள்ள விட்டது?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிடுச்சு. மேஜையைத் தட்டிட்டேன். "எங்க அத்தான்தான் விட்டார்! கயிறு பிடிக்கறாரே, அவர்தான்! இப்ப அதுக்கென்ன? நாளைக்குத் தூண் சாயறப்போ அனுமதி கேட்டுட்டா சாயப் போகுது?"

அவர் பேனாவைத் திறந்து, அத்தானோட பேரைக் கேட்டு எழுதிக்கிட்டார். பேனா ஓடறதைப் பார்த்ததும்தான் நான் என்ன சொல்லிட்டேன்னு எனக்கே உறைச்சுது. "சார், அவர் மேல தப்பில்ல, நான்தான் கெஞ்சினேன்"னு என்னென்னமோ உளறினேன். மூடியைப் போட்டு பேனாவைப் பையில வெச்சுக்கிட்டார்.

மூணாம் நாள் உத்தரவு வந்தது. அனுமதியில்லாம எடுத்த அளவை ஏத்துக்க முடியாது. விசாரணை முடியற வரைக்கும் அத்தானுக்கு மாத்தல் கிடையாது, இருக்கற இடத்துலயே இருக்கணும். விசாரணை எப்போன்னு கேட்டா, அலைக்காலம் முடிஞ்சு. கவுன்டருக்கு வேற ஆள் போட்டாச்சு.

அக்கா என் வீட்டுக்கு வந்தா. செருப்பைக்கூடக் கழட்டலை, வாசல்லயே நின்னா. "உன்னை யாருடி அளக்கச் சொன்னா? ஒண்ணாம் தேதிக்கு அஞ்சு நாள்தானே இருந்தது? அஞ்சு நாள் உன் வாயை மூடிக்கிட்டு இருக்க முடியலையா?"  வேலையை விடச் சொல்லேன்னு கேக்கத் தோணிச்சு. அம்பத்தொரு வயசுல அவருக்கு வேற யார் வேலை தருவா? அது அவளுக்குத் தெரியாதா என்ன? அவ திரும்பிப் போறதைப் பார்த்துக்கிட்டு நின்னேன்.

அத்தான் ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். என்கிட்டேர்ந்து தூக்குக்குண்டை வாங்கிக்கிட்டுப் போனார். தினமும் முதல் படகுக்கு முன்னாடி அளந்து போன் பண்றேன், நீ நிம்மதியா இருன்னார். முதல் நாள் ரெண்டு அறுபதுன்னார். மறுநாள் ரெண்டு அம்பத்தஞ்சு. அந்த வாரக் கடைசியில அலைக்காலம் பிறந்துடுச்சு, ஜன்னல் எல்லாம் தடதடங்குது. போன்ல காத்து இரையற இரைச்சல்ல அவர் குரலே சரியாக் கேக்கலை. "டாக்டர், இன்னிக்கு ரெண்டு நாப்பது! குறையுது, குறையுது!"

"அந்த அலையில குண்டு நேரா இறங்குதா அத்தான்?"

"ஜம்முனு இறங்குது."

இறங்காது. அந்த அலைக்குக் குண்டு காத்தாடி மாதிரி இழுபடும், அளக்கவே முடியாது. அளந்தாலும் இந்த மாசத்துல பள்ளம் குறையாது, கூடத்தான் செய்யும். "அத்தான், உண்மையைச் சொல்லுங்க"ன்னேன். "பொய் சொல்ல நான் என்ன கட்டுரையா எழுதறேன்?"ன்னு சிரிச்சுட்டு, படகு வருது, கயிறு வீசறாங்கன்னு போனை வெச்சுட்டார். நேத்து ரெண்டு முப்பது. இன்னிக்கு ரெண்டு இருபது.

இன்னிக்கு மத்தியானம் அக்கா போன் பண்ணினா. அந்தச் சண்டைக்கு அப்புறம் இப்பத்தான் பேசறா. "தினமும் குறையுதாமே? அவர் சொன்னார். மனசு கேக்கலை, உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னுதான். நீ படிச்சவ, நீ சொன்னாத்தான் நம்புவேன். நிஜமாவே குறையுதாடி?"

வெளியில காத்து ஊளையிட்டுது. அவர் அந்நேரம் நுனியில நின்னுக்கிட்டு இருப்பார்.

"ஆமாக்கா"ன்னேன். "குறையுது."